சாவியக்காவின் ஆட்சேபனை

டவுன்ஹாலின் முன்கதவில் அந்த நோட்டீஸைப் பசை தடவி ஒட்டியது சாவியக்காதான். நாலு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு, கோணலாக இருக்கிறதா என்று இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். கோணல் இல்லை. அப்புறம்தான் படித்தாள். கட்டடத்தின் ஆயுள் முடிந்துவிட்டதாம். அஸ்திவாரம் இறங்கிவிட்டதாம். இடித்துவிட்டு அதே இடத்தில் ஆறு மாடியில் புது வளாகம் எழும்புமாம். ஆட்சேபனை உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாமாம்.

கையில் பசை காயும்வரை அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போய் வழக்கம்போல் பால்கனியைப் பெருக்க ஆரம்பித்தாள். பாதியில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வேலை நேரத்தில் அவள் அப்படி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

இருபத்தாறு வயதில் அந்தக் கட்டடத்துக்குள் வந்தவள். அப்போது இருந்த காவலாளிக்குக் கால் முறிந்து, மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவருக்குக் கால் கூடியது, ஆனால் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். இவளைப் போகச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. முப்பத்தோரு சாவி கோத்த வளையம் ஒன்று எப்போதும் இடுப்பில் தொங்கும். தூரத்தில் வரும்போதே சத்தம் கேட்கும். அதனால்தான் சாவியக்கா. வயதில் மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ரேஷன் அட்டையில் வேறு பேர் இருந்தது, அது அட்டைக்குள்ளேயே இருந்தது.

அவளுடைய மகள் நடை பழகியதே அந்த ஹாலின் இரும்புத் தூண்களைப் பிடித்துக்கொண்டுதான். இப்போது அவள் வெளியூரில் நர்ஸ். வீட்டில் மிச்சம் இருப்பது சாவியக்காவும், இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கும் அவள் புருஷனும்தான்.

அந்த டவுன்ஹாலுக்கு நூற்றுப்பத்து வயது. ஊர் அப்போது நகரத்தின் எல்லைக்கு வெளியே ரயில் பாதையை ஒட்டிக் கிடந்த புறநகர். செங்கல் சூளைக்காரர்கள், ரயில்வே கூலிகள், சில்லறை வியாபாரிகள், அவ்வளவுதான். ஒரு மனு கொடுக்கவேண்டும் என்றாலும் நகரத்துக்குப் போகவேண்டும். போனால், "நீங்க எங்க எல்லைக்குள்ள இல்லையே" என்று திருப்பி அனுப்புவார்கள். ரோஷம் வந்துவிட்டது. நமக்கென்று ஒரு மண்டபம் கட்டிக்கொள்வோம் என்று முடிவெடுத்தார்கள். தெருவுக்கு ஐயாயிரம் செங்கல். ஒவ்வொரு தெருவும் தன் முதல் எழுத்தைக் கல்லில் அழுத்திச் சுட்டுக் கொடுத்தது. ஒரு தெருவின் சூளையில் தீ அதிகமாகி எல்லாம் கருகிப்போக, அந்தக் கல்லை மட்டும் மேஸ்திரி பின்சுவரில் வைத்துக் கட்டிவிட்டார். அந்தத் தெருக்காரர்களை ஊர் இன்றைக்கும் "பின்னாடி போங்க" என்றுதான் கேலி செய்யும்.

முகப்பில் செங்கல் வளைவுகள், நடுவே வண்டிச் சக்கரம்போல் ஒரு வட்ட ஜன்னல், ஒரு மூலையில் மணிக்கூண்டு. உள்ளே போனால் ஒரே நீள ஹால். பக்கத்துக்கு நாலாக எட்டு வார்ப்பிரும்புத் தூண்கள், கப்பலில் வந்து இறங்கியவை. ஒன்று முதல் எட்டு வரை எண் வார்த்து வந்தன. அவற்றின் தலையில் இரும்பில் இலைகள் விரிந்திருக்கும். தூண்கள் பால்கனியைத் தாங்கி, இன்னும் மேலே போய்க் கூரையையும் தாங்கின. மூன்று முகடு உள்ள கூரை. முகடுகளுக்கு நடுவில் இரண்டு பள்ளம். அந்தப் பள்ளங்கள் இரண்டு தூண் வரிசைகளுக்கும் நேர் மேலே ஓடின.

இதையெல்லாம் சாவியக்காவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. துடைத்துத் தெரிந்துகொண்டாள். எந்தச் செங்கல்லில் எந்தத் தெருவின் எழுத்து, எந்தப் படியில் மரம் தேய்ந்திருக்கிறது, எந்த ஜன்னல் எந்த மாதம் இறுகும், எல்லாம் கைக்குத் தெரியும். அந்த ஹாலில் ஓட்டு எண்ணினார்கள், தடுப்பூசி போட்டார்கள், நாடகம் போட்டார்கள். வெள்ளம் வந்தபோது முந்நூறு பேர் பதினோரு நாள் தங்கினார்கள். பால்கனியில் ஒரு குழந்தையே பிறந்தது.

குறை ஒன்றே ஒன்றுதான். மழை பெய்தால் வடக்குப் பக்கத்து நாலு தூண்களின் காலடியிலும் தரை நனையும். வடக்குச் சுவர் ஊறிப்போய், அடித்த பெயின்ட் அப்பளமாகப் பொரியும். கூரை ஒழுகுகிறது என்று இரண்டு தடவை ஓடு மாற்றினார்கள். அப்புறமும் நனைந்தது. போன வருஷம் வடக்குச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. நகராட்சி நகரத்திலிருந்து ஒரு எஞ்சினியரை வரவழைத்தது. நல்ல கோடையில், ஒரே ஒரு நாள் வந்தார். தட்டினார், அளந்தார், போட்டோ எடுத்தார். அவர் எழுதிக் கொடுத்ததன் சுருக்கம்தான் அந்த நோட்டீஸ்.

அன்று சாயங்காலம் சாவியக்கா நேராகத் தையல் கடைக்குப் போனாள். புருஷன் ஒரு பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இடிக்கப் போறாங்களாம்" என்றாள்.

"கேள்விப்பட்டேன். நீதான் ஒட்டினியாமே."

"நான் ஆட்சேபனை எழுதலாமாங்க? அங்கேயே சம்பளம் வாங்குற ஆளு."

அவர் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசித்தார். "நோட்டீஸ்ல ஊழியர் தவிரன்னு போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்ப எழுது."

"என்னத்த எழுதறது? எனக்குப் பிடிச்ச கட்டடம், இடிக்காதீங்கன்னா?"

"அது ஆட்சேபனை இல்ல, அழுகை." அவர் பேன்ட்டை உயர்த்திக் காட்டினார். "இவன் வந்து, சரியில்லன்னு மட்டும் சொன்னான். எங்க சரியில்லன்னு கேட்டேன். இடுப்பா, தொடையா, நீளமான்னு சொன்னாத்தானே பிரிச்சுத் தைக்க முடியும்? நீயும் எங்க தப்புன்னு எழுது. உனக்குத் தெரியாததா அந்த எஞ்சினியருக்குத் தெரியும்?"

எங்கே தப்பு. அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. வேலை செய்யும்போது, சாப்பிடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லாம் அதையே மென்றாள்.

கூரை ஒழுகினால் மேலே கறை படியவேண்டும். தூணின் தலையில் இருக்கும் இலைகளில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. ஏணி போட்டு வருஷத்துக்கு இரண்டு தடவை அவற்றைத் துடைப்பவள் அவள்தான். அதைவிட முக்கியம், மழை கொட்டும்போது தரை காய்ந்தே இருக்கும். விட்டு இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் நனையத் தொடங்கும். மேலிருந்து வரும் தண்ணீர் எதற்காக மூன்று நாள் காத்திருக்கிறது?

பதில் பாதி அவளுடைய தம்பியிடம் இருந்தது. அவன் குழாய் வேலைக்காரன். வாய் சும்மா இருக்காது. டவுன்ஹாலின் கழிவறைக் குழாயைச் சரிபார்க்க வந்தவன், போகும்போது வெளியே நின்று கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தான்.

"அக்கா, உங்க கட்டடத்துக்கு மூக்கு இருக்கு, வாய் இருக்கு, குழாய் மட்டும் இல்ல."

"என்னடா சொல்ற?"

"இவ்ளோ பெரிய கூரை. பெய்யிற தண்ணி கீழ வர சுவர்ல ஒரு குழாய் வேணாமா? நாலு பக்கமும் சுத்திப் பார்த்துட்டேன். ஒண்ணுகூட இல்ல. அப்ப தண்ணி எப்படி இறங்குது? படியில நடந்தா?"

சாவியக்கா கூரை விளிம்பிலிருந்து தரைவரை சுவரில் தேடினாள். இருபத்திரண்டு வருஷமாகச் சுற்றிச் சுற்றி வந்தவளுக்கு இது தோன்றவே இல்லை. இருப்பதைத்தான் துடைத்தாள். இல்லாததை யார் துடைப்பார்கள்?

தெற்குப் பக்கத் தோட்டத்தில், சுவரின் காலடியில் செங்கல்லால் வளைத்த ஒரு வாய் உண்டு. கம்பி போட்டிருக்கும், தவளைகள் குடியிருக்கும். மழை வந்தால் அதிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று கொட்டும். அது எங்கேயிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. தெற்குத் தூண்களின் காலடி ஒருநாளும் நனைந்ததும் இல்லை.

"தம்பி, தூணு உள்ள வெறுமனே இருக்குமா?"

"வார்ப்பிரும்புத் தூணா? பெரும்பாலும் பொள்ளல்தான்." சொல்லிவிட்டு அவனே நின்றான். "அட."

நல்லவேளையாக அடுத்த வாரமே இரண்டு நாள் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்ட காலையில் சாவியக்கா ஹாலைத் திறந்து, வடக்குப் பக்கத்து ஐந்தாம் எண் தூணை ஒரு சாவியால் தட்டினாள். தலை உயரத்தில் டங்கென்று மணிபோல் கேட்டது. கொஞ்சம் கீழே தட்டினாள். டங். மார்பு உயரத்துக்கு வந்ததும் சத்தம் செத்துப்போனது, தொப்பென்று மூட்டையைத் தட்டியதுபோல். அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். ஆறு, ஏழு, எட்டு மூன்றிலும் அதே உயரத்தில் சத்தம் செத்தது. எதிர்ப்பக்கம் போய் ஒன்று முதல் நாலு வரை தட்டினாள். அடிவரைக்கும் மணிதான். கூரைத் தண்ணீர் தூணுக்குள்ளேதான் இறங்குகிறது; தெற்கே ஓடிவிடுகிறது, வடக்கே தேங்குகிறது.

பதினெட்டு நாள் தினமும் காலையில் தட்டினாள். கோடு தினமும் கொஞ்சம் கீழே இறங்கியது. முதலில் இடுப்பு, அப்புறம் தொடை, முழங்கால். அது இறங்க இறங்கத் தரை நனைந்தது. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் தேதி எழுதினாள்.

வடக்குப் பக்கமும் ஒரு வாய் இருந்திருக்கவேண்டும். அதற்கும் சாட்சி கையருகிலேயே இருந்தது. படிக்கட்டுச் சுவரில் ஒரு பழைய போட்டோ தொங்கும். கட்டி முடித்த நாளில் கொத்தனார்களை எல்லாம் வடக்குச் சந்தின் முனையில் உட்காரவைத்து எடுத்தது. வாராவாரம் அதன் கண்ணாடியைத் துடைப்பவள், இந்தத் தடவை கழற்றி வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தாள். முகப்பில் ஏழு படி தெரிந்தது. வெளியே போய் எண்ணினாள். நாலுதான் இருந்தது. மூன்று படியைத் தெரு விழுங்கியிருக்கிறது. மறுபடி மறுபடி ரோடு போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். வடக்குச் சுவரில், முனையிலிருந்து மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே, மீசைக்காரக் கொத்தனார் ஒருவர் சாக்கடைப் பள்ளத்தில் திறந்த செங்கல் வளைவு ஒன்றின்மேல் ஒரு காலைத் தொங்கவிட்டு ராஜாமாதிரி உட்கார்ந்திருந்தார்.

மூன்று பக்கத்துக்கு எழுதினாள். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, ஆனால் ஒரு அடித்தல் கிடையாது. நகராட்சி அலுவலகத்தில் முத்திரை குத்தும் கிளார்க் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, சம்பளம் தர்ற ஆபீஸுக்கே ஆட்சேபனையா?"

"ஆபீஸுக்கு இல்ல சார், தண்ணிக்கு. குத்துங்க."

முப்பது நாள் முடிந்தது. வந்த ஆட்சேபனை மொத்தம் ஒன்று. ஒன்றாக இருந்தாலும் விசாரிக்கவேண்டும் என்பது சட்டம்.

விசாரணை ஹாலிலேயே நடந்தது. சேர்மன், உறுப்பினர்கள், எஞ்சினியர். சேர்மன் கெட்டவர் இல்லை. பதவிக்காலம் முடிவதற்குள் கண்ணில் படும்படி ஏதாவது கட்டிவிட்டுப் போகவேண்டும் என்ற அவசரம் பிடித்தவர், அவ்வளவுதான். சாவியக்கா மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். அந்த மேடையை ஆயிரம் தடவை துடைத்திருக்கிறாள். அதன்முன் நின்று வாய் திறந்ததில்லை.

"சொல்லுங்கக்கா" என்றார் சேர்மன். "சுருக்கமா."

"நான் சொல்றதைவிட தூணே சொல்லட்டும் சார்" என்று இடுப்பிலிருந்து சாவி வளையத்தைக் கழற்றினாள்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. மூன்றாம் எண் தூணை மேலிருந்து கீழ்வரை தட்டினாள். மணி. ஐந்தாம் எண்ணுக்கு வந்தாள். மணி, மணி, அப்புறம் தொப். உறுப்பினர்கள் கழுத்தை நீட்டினார்கள். எஞ்சினியர் எழுந்து வந்து, கையை நீட்டிச் சாவியை வாங்கினார். எட்டுத் தூணையும் தானே தட்டினார். எட்டிலும் காதை வைத்தார். சாக்பீஸ் கோடுகளையும் தேதிகளையும் குனிந்து படித்தார்.

"நான் வந்தது கோடையில" என்றார் சேர்மனிடம். "தூண் காலியா இருந்திருக்கு. அடியில மண்ணு ஈரமா இருக்குன்னு பார்த்தேன், அஸ்திவாரம் போச்சுன்னு எழுதிட்டேன். ஈரம் எங்கேருந்து வருதுன்னு நான் கேக்கல. இவங்க கேட்டிருக்காங்க."

"அதனால?"

"இவங்க சொல்ற வடிகால் இருந்து, அது அடைச்சிருந்தா, என் ரிப்போர்ட் தப்பு. தோண்டிப் பாக்கணும்."

சேர்மன் மணிக்கட்டைப் பார்த்தார். "பத்து நாள். அதுக்குமேல முடியாது."

தம்பி இரண்டு ஆட்களோடு கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்தான். வடக்குச் சந்தில், மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே தோண்டினார்கள். மூன்றடி, நாலடி, ஐந்தடி. மண், ஜல்லி, மறுபடி மண். சந்துக்காரர்கள் கூடி நின்று, கிணறு வெட்டுறீங்களா, புதையலா என்று விசாரித்தார்கள். சாயங்காலம் சேர்மன் வந்து எட்டிப் பார்த்தார். "நல்லா ஆழமா இருக்கு, நீச்சல் குளம் கட்டிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் சிரித்தது.

"அக்கா, அந்த மீசைக்காரர் வேற எங்கயோ உக்காந்திருக்கார்" என்றான் தம்பி, முதுகைப் பிடித்துக்கொண்டு.

அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டதாகப் பேர் பண்ணினாள். மூன்றுதான். எத்தனை தடவை எண்ணியிருக்கிறாள். மூன்றேதான்.

மறுநாள் காலை ஹாலைத் திறந்து, வாளியும் மாப்பும் எடுக்க முன்மூலை அலமாரிக்குப் போனாள். வாசலை ஒட்டி வடக்குச் சுவருக்குள்ளேயே அமைந்த அலமாரி அது. இருபத்திரண்டு வருஷமாகத் துடைப்பங்கள் குடியிருக்கும் இடம். வாளியை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். அலமாரியின் மேல்பக்கம் வளைந்திருந்தது. அடிப்பக்கம் முழங்கால் உயரத்தில், வெளியே சரியும் ஒரு கல். எந்தப் பைத்தியக்காரன் அலமாரிக்கு வளைவு வைப்பான்? துடைப்பங்களை எல்லாம் வாரி வெளியே போட்டுவிட்டுப் பின்சுவரைத் தட்டினாள். மெல்லிய சுவர். பிற்பாடு அடைத்தது. வெளியே பூசி மெழுகிவிட்டதால் அடையாளமே இல்லை.

அவள் துடைப்பம் வைத்திருந்தது முதல் ஜன்னலில். வெளியே அவள் மூன்றாவது என்று எண்ணியது நாலாவது.

தம்பிக்குப் போன் போட்டாள். "பத்தடி முன்னாடி வந்து தோண்டு."

"எந்தக் கணக்குல?"

"துடைப்பக் கணக்குல. வாடா."

அன்று மத்தியானம் நாலடி ஆழத்தில் கடப்பாரை வேறு மாதிரிச் சத்தம் போட்டது. கையால் மண்ணை விலக்கினார்கள். செங்கல், இன்னொரு செங்கல், வளைந்து இறங்கும் ஒரு வரிசை. தம்பி குழிக்குள் மண்டியிட்டு, சட்டையைக் கழற்றி அந்த வளைவைத் துடைத்தான். மூன்று மாத வயதுக் குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்தான். மேலே நின்ற அக்காவை நிமிர்ந்து பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

அடைப்பை எடுக்க ஐந்து நாள் ஆனது. கல்லாக இறுகிய சேறு. அதற்குள் உடைந்த டைல்ஸும் சிமென்ட் கட்டிகளும். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஹாலுக்குப் புதுத் தரை போட்டவர்கள் மிச்சம் மீதியை எல்லாம் வடிகாலுக்குள் தள்ளிவிட்டு, மேலே டைல்ஸ் ஒட்டி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். தம்பி கம்பிச் சுருளை முப்பதடி வரை விட்டான். அதற்குமேல் போகவில்லை.

"தூணுக்குக் கீழ ஒரு கடைசி அடைப்பு இருக்கு" என்றான். "வெளியேருந்து எட்டாது. தரையை உடைக்கணும், இல்லன்னா மேலேருந்து தண்ணி தள்ளணும்."

தரையை உடைக்க நாள் இல்லை. எஞ்சினியர் தீயணைப்பு நிலையத்தில் பேசினார். பத்தாவது நாள் காலை சிவப்பு வண்டி சந்தில் வந்து நின்றது. ஊரில் பாதி அங்கே இருந்தது. கருகிய செங்கல் தெருக்காரர்கள் முன்வரிசையில் நின்றார்கள். தையல்காரர் கடையைச் சாத்திவிட்டுக் கழுத்தில் அளவு நாடாவோடு வந்திருந்தார். ஏணியில் ஏறிய வீரர்கள் குழாயைக் கூரையின் வடக்குப் பள்ளத்துக்குத் திருப்பினார்கள்.

சாவியக்கா உள்ளே ஐந்தாம் தூணின் பக்கம் நின்றாள். எஞ்சினியர் ஆறாம் தூணில். தண்ணீர் இறங்கும் சத்தம் இரும்புக்குள் கேட்டது. தட்டினாள். இடுப்பு. ஒரு நிமிஷம் கழித்துத் தட்டினாள். மார்பு. வெளியே வடிகாலில் ஒன்றும் வரவில்லை என்று யாரோ கத்திச் சொன்னார்கள். தோள். தலை. கையை உயர்த்தித் தட்டினாள், அங்கேயும் தொப். காலடியில் டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் கசிந்து அவள் பாதத்தைத் தொட்டது.

"நிறுத்தச் சொல்லிடலாமா?" என்றார் சேர்மன் வாசலில் நின்று. குரலில் கேலி இல்லை. அவர் முகமும் வெளிறியிருந்தது.

எஞ்சினியர் அவளைப் பார்த்தார். முடிவை அவளிடம் விட்டுவிட்டார் என்று தெரிந்தது. நூற்றுப்பத்து வருஷம் நின்ற இரும்பு. ஒருகாலத்தில் எத்தனையோ பெருமழையைக் குடித்து இறக்கிய இரும்பு. தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நிறைய நிறையத்தானே தண்ணி கனம் கூடி அடைப்பைத் தள்ளும் சார். இன்னும் ரெண்டு நிமிஷம் விடச் சொல்லுங்க."

ஒரு நிமிஷம் போனது. அடுத்ததில் பாதி போனது. அப்போது அவள் கைக்குள் தூண் லேசாக அதிர்ந்தது. அடியில் எங்கோ, தொண்டையில் சிக்கியதை விழுங்குவதுபோல் ஒரு பெரிய மடக்குச் சத்தம். அப்புறம் மேலிருந்து கீழ்வரை கடகடவென்று ஒரே ஓட்டம். பக்கத்துத் தூணும், அதற்கடுத்ததும், கடைசித் தூணும் ஒன்றின்பின் ஒன்றாக விழுங்கின. வெளியே முதலில் தம்பியின் கூச்சல், பிறகு ஊரின் கூச்சல்.

ஓடினாள். குழிக்குள் செங்கல் வாயிலிருந்து கன்னங்கரேலென்று தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்துச் சேறு, ஓட்டுத் துண்டுகள், புறாக் கூடு, பந்துகள், யாருடையதோ ஒரு செருப்பு. தம்பி தலை முதல் கால்வரை கறுப்பாக நின்று பல் மட்டும் தெரியச் சிரித்தான். கறுப்பு மெல்ல மெல்லப் பழுப்பானது. பழுப்பு கலங்கலானது. கால்மணி நேரத்தில் தெளிந்த தண்ணீர் வந்தது. சந்துக்காரர் ஒருவர் குனிந்து அதில் கை கழுவினார். தையல்காரர் பொண்டாட்டியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்கன்னு சரியாச் சொல்லிட்ட" என்றார்.

அவள் அப்போதுதான் அழுதாள். நன்றாக, வெட்கமே இல்லாமல், நூறு பேருக்கு முன்னால் அழுதாள்.

சாவி வளையத்தை எஞ்சினியர்தான் கொண்டுவந்து கொடுத்தார். ஓடும்போது கீழே போட்டிருக்கிறாள்.

இடிக்கும் வேலை நின்றது. எஞ்சினியர் வடக்குச் சுவர் விரிசலின்மேல் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவைத்தார். சுவர் அசைந்தால் அவை உடையும் என்றார். ஆறு மாதம் அவற்றைத் தினமும் பார்க்கும் பொறுப்பு சாவியக்காவுக்கு. ஒன்றுகூட உடையவில்லை. அவர் புதிய அறிக்கை எழுதினார். அதில் முதல் பக்கத்திலேயே, தன் முந்தைய முடிவு தவறு என்றும், சரியான காரணத்தைக் கண்டுபிடித்தவர் மண்டபப் பணியாளர் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்துக்கென்று வந்தவளை நகராட்சி இருபத்துமூன்றாம் வருஷத்தில் நிரந்தரம் ஆக்கியது. பக்கத்து ஊர்களில் இரண்டு பழைய மண்டபங்களைப் பார்க்க எஞ்சினியர் தன் காரில் அவளையும் தம்பியையும் கூட்டிப்போனார். ஒன்றில் அவள் நுழைந்த பத்தாவது நிமிஷத்தில் அடைபட்ட ஜன்னலைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

இடிப்புத் தீர்மானத்தை ரத்து செய்யும் கூட்டம் அந்த ஹாலிலேயே கூடியது. பால்கனிவரை ஆட்கள். சேர்மன் எழுந்து மைக்கைப் பிடித்து, இந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற நகர்மன்றம் எடுத்த முயற்சிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே கூரையில் மழை இறங்கியது. லேசாக அல்ல, கொட்டோ கொட்டென்று. எட்டுத் தூணிலும் தண்ணீர் ஓடும் சத்தம் ஹால் முழுக்க நிறைந்தது. சேர்மன் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். உறுப்பினர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். தரை காய்ந்து பளபளவென்று இருந்தது.

பின்வரிசையிலிருந்து சாவியக்காவின் குரல் வந்தது.

"தண்ணி அது வழியில போகுது சார். நீங்க பேசுங்க."

ஹாலே சிரித்தது. சேர்மனும் சிரித்துவிட்டார். எழுதிவந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இதுக்கு மேல நான் என்ன பேச? கையைத் தூக்குங்க" என்றார். உறுப்பினர்கள் இருபத்தோரு பேரும் கையைத் தூக்கினார்கள். ஓட்டு இல்லாதவர்களும் தூக்கினார்கள். பால்கனியில் யாரோ இரண்டு கையையும் தூக்கினார்.

மேற்கு ஜன்னல்களில் சாரல் அடிக்கத் தொடங்கியிருந்தது. சாவியக்கா நாற்காலி வரிசைகளின் நடுவே அவற்றைச் சாத்தப் போனாள். அவள் கடந்துபோன வரிசையில் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். அடுத்த வரிசை எழுந்தது. அதற்கடுத்ததும் எழுந்தது. முதல் ஜன்னலின் கொண்டியை அவள் போடும்போது ஹாலில் உட்கார்ந்திருந்தவர் ஒருவரும் இல்லை. மழையைவிடச் சத்தமாக இருந்தது. அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போனாள்.